குடிநீர்த் துறையில் தனியார்மயம்: செயல்திறன் எங்கிருந்து வந்தது?

ஒரு தெருவில் நான்கு செல்போன் கம்பெனிகள் தொழில் செய்யலாம். குடிநீர்க் குழாய் ஒன்றுதான் இருக்க முடியும். பக்கத்திலேயே இன்னொரு குழாயைப் பதித்து, என் தண்ணீர் மலிவு என்று யாரும் கூவி விற்க முடியாது. தனியார்மயத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம் போட்டி. போட்டி வந்தால் வீண்செலவு குறையும், வேலை வேகமாக நடக்கும், விலை இறங்கும் என்பார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அந்த வாதம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, அரசு வாரியத்தின் நாற்காலியில் ஒரு கம்பெனியை உட்காரவைத்தால் செயல்திறன் கூடுமா? கூடினால் எந்த வழியாக? கூடிய பலன் யார் கையில் போய்ச் சேர்கிறது?

இந்தக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்தையும் வேல்ஸையும் விடப் பெரிய களம் கிடையாது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் சொத்து அரசிடமே இருக்கும். நடத்தும் உரிமை மட்டும் இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கைமாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அணை, குழாய், சுத்திகரிப்பு நிலையம், பாதாளச் சாக்கடை எல்லாவற்றையும் மொத்தமாக விற்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுக் கணக்கு இப்போது நம் முன்னால் விரிந்து கிடக்கிறது. அதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கூடிய செயல்திறனில் பெரும்பகுதி, வெளியிலிருந்து ஒருவர் விடாமல் கணக்குக் கேட்டதால் வந்தது. விற்பனைக்கு அதில் பங்கு குறைவு. கணக்குக் கேட்பவர் அசந்துபோன இடங்களில் கிடைத்ததெல்லாம் வேறு வழியில் வெளியேறிவிட்டது.

விற்பனைக்கு முந்தைய நிலைமையைத் தெரிந்துகொள்ளாமல் அதன் விளைவை எடைபோட முடியாது. 1974 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் தண்ணீரையும் சாக்கடையையும் ஆளுக்கொரு துண்டாகக் கவனித்துவந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஆற்றுப் படுகைகளின் எல்லைப்படி பத்து மண்டல ஆணையங்களாக ஒன்றுசேர்த்தது. பொறியியல் நோக்கில் அது நல்ல ஏற்பாடு. மேல்மடையில் தண்ணீர் எடுப்பவரும் கீழ்மடையில் கழிவு விடுபவரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தார்கள். ஆனால் 1976இல் பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டுப் போக நேர்ந்தபின் ஆணையங்களின் முதலீடு வெட்டப்பட்டது. அவை வாங்கும் ஒவ்வொரு பவுண்டு கடனும் அரசின் கடன் கணக்கில் ஏறியதால், பழைய சாக்கடையைப் புதுப்பிக்கக்கூட நிதியமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் குடிநீர்த் தரம், கடற்கரைக் குளியல் நீரின் தரம் பற்றிய ஐரோப்பிய உத்தரவுகள் வந்து இறங்கின. தரத்தை உயர்த்த வேண்டும், கடனும் வாங்கக் கூடாது என்ற இந்த நெருக்கடிதான் விற்பனைக்குத் தள்ளியது. செயல்திறன் மேடையில் பேசப்பட்ட காரணம். முதலீட்டுக் கடனை அரசின் ஏட்டிலிருந்து வெளியே தள்ளுவதே உள்ளே இருந்த காரணம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிக அவசியம்.

1989 டிசம்பரில் பங்குகள் தலா 240 பென்ஸுக்கு விற்கப்பட்டன. ஏறத்தாழ 520 கோடி பவுண்டு வந்தது. ஆனால் அதற்கு முன்பே ஆணையங்களின் ஏறத்தாழ 500 கோடி பவுண்டு பழைய கடனை அரசு தள்ளுபடி செய்திருந்தது. சுற்றுச்சூழல் பணிகளுக்கென்று 150 கோடி பவுண்டுக்கு மேல் ரொக்கமும் கொடுத்தது. அந்த ரொக்கத்துக்குப் பசுமைச் சீதனம் என்றே பெயர். கூட்டிக் கழித்தால் பொதுமக்கள் கைக்கு நிகரமாக எதுவும் வரவில்லை. கம்பெனிகள் கடனே இல்லாத கழுவிய தட்டோடு தொடங்கின.

போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கட்டுப்படுத்த ஒரு சூத்திரம் வேண்டும். பொருளியலாளர் ஸ்டீஃபன் லிட்டில்சைல்ட் தொலைபேசித் துறைக்காக வகுத்த சூத்திரம் எளிமையானது: பணவீக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கழித்து, அதற்கு மேல் கட்டணம் ஏறக் கூடாது. அதற்குக் கீழே கம்பெனி எவ்வளவு செலவைக் குறைத்தாலும் மிச்சம் அதற்கே. சில ஆண்டுகள் கழித்து மறுஆய்வு வரும்போது அந்த மிச்சம் வாடிக்கையாளருக்குத் திரும்பும். தண்ணீரில் இந்தச் சூத்திரம் தலைகீழானது. முதலீடு செய்தாக வேண்டும் என்பதால், பணவீக்கத்தோடு ஒரு சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். முதல் பத்தாண்டுக்கு வகுத்த கூட்டல் சராசரியாக ஆண்டுக்கு ஐந்து சதவீதம். கம்பெனிகள் எதையும் சாதிப்பதற்கு முன்பே கட்டணம் ஏறத் தொடங்கிவிட்டது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். ஆஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சால், டேவிட் பார்க்கர் இருவரும் 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் இத்துறையின் அடிக்கல். விற்பனைக்கு முன்னும் பின்னும் பத்துக் கம்பெனிகளின் கணக்கை எடுத்து, தண்ணீர்த் தரம் உயர்ந்ததற்கு உரிய மதிப்பையும் சேர்த்துக்கொண்டு பார்த்தார்கள். ஊழியர் தலைக்கு உற்பத்தி கூடியிருந்தது. அது மனிதர் இடத்தில் இயந்திரமும் மூலதனமும் வந்ததால் கூடியது. ஊழியர் எண்ணிக்கை விற்பனைக்கு முந்தைய ஆண்டுகளிலேயே குறைந்துகொண்டுதான் வந்தது. உழைப்பு, மூலதனம், மின்சாரம், ரசாயனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மொத்த உற்பத்தித்திறனின் வளர்ச்சி தனியார்மயத்தால் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. லாபம் பெருகியதற்கு முக்கியக் காரணம், இடுபொருள் செலவு ஏறியதைவிடக் கட்டணம் வேகமாக ஏறியதுதான் என்பது அவர்கள் முடிவு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆஃப்வாட் என்ற கட்டண ஒழுங்குமுறை அமைப்பு 1994இல் முதல் மறுஆய்வை நடத்திக் கூட்டல் சதவீதத்தைக் கணிசமாகக் குறைத்தது. 1999 மறுஆய்வு இன்னும் கடுமை. அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சராசரியாக 12.3 சதவீதம் ஒரேயடியாக வெட்டியது. இந்தக் கத்தி விழத் தொடங்கியபின்தான் செலவு உண்மையில் இறங்கியது. சால், பார்க்கர் ஆய்விலும் இதன் தடம் தெரிகிறது. எர்பெட்டா, கேவ் ஆகியோர் 2007இல் வேறொரு முறையில் அளந்தபோதும், 1994 மறுஆய்வுக்குப் பிறகே வீண்செலவு குறைந்தது தெரியவந்தது. உடைமை மாறிய 1989ஆம் ஆண்டில் வரைபடம் வளையவில்லை. ஒழுங்குமுறை இறுகிய ஆண்டுகளில் வளைந்தது.

ஆஃப்வாட்டின் கையில் இருந்த கருவியும் கவனிக்கத் தக்கது. ஒரு கம்பெனிக்கு நியாயமான செலவு எவ்வளவு என்று வெளியாளுக்குத் தெரியாது. கேட்டால் கம்பெனி கூட்டித்தான் சொல்லும். எனவே எல்லாக் கம்பெனிகளின் கணக்கையும் ஒரே படிவத்தில் வாங்கி, மண்வகை, மக்கள்தொகை, குழாயின் நீளம் போன்ற வேறுபாடுகளைக் கழித்துவிட்டு ஒப்பிட்டார்கள். சிக்கனமாக நடத்துபவரின் செலவே மற்றவர்களுக்கு இலக்கானது. சந்தையில் இல்லாத போட்டியைத் தாளில் உருவாக்கினார்கள் என்று சொல்லலாம். இதனால்தான் 1996இல் செவர்ன் ட்ரென்ட், வெஸெக்ஸ் இரண்டும் சவுத் வெஸ்ட் கம்பெனியை வாங்க முயன்றபோது அரசு தடுத்தது. ஒப்பிட ஓர் ஆள் குறைந்தால் அளவுகோலே தேய்ந்துவிடும் என்பது தடைக்கு அடிப்படை.

கசிவைப் போல இந்த விஷயத்தைத் துல்லியமாகக் காட்டுவது வேறில்லை. கசிவு தேடுபவரின் வேலை நடுநிசிக்குப் பிறகே தொடங்கும். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஊரில் யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. நகரத்தை ஆயிரம், இரண்டாயிரம் வீடுகள் கொண்ட வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவிலும் ஒரு மீட்டர் பொருத்தியிருப்பார்கள். அந்த நேரத்திலும் மீட்டர் விடாமல் ஓடினால், தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். பிறகு ஒருவர் தெருவில் இறங்கி, நீண்ட கோலின் ஒரு முனையை வால்வின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்து ஒவ்வொரு வால்வாகக் கேட்டுக்கொண்டு போவார். உடைந்த இடம் நெருங்க நெருங்க இரைச்சல் கூடும். இடம் தெரிந்தபின் சாலையைத் தோண்ட அனுமதி, போக்குவரத்தைத் திருப்புவது, பள்ளம், இணைப்பு, மறுபடி தார். ஆள்கூலியே அதிகம். இழந்த தண்ணீரின் விலையோ, அதைச் சுத்திகரித்து ஏற்றிய மின்சாரமும் ரசாயனமும் மட்டும்தான்.

ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் அடைப்பதைவிட ஒழுகவிடுவது மலிவு. இதற்குப் பொருளாதாரக் கசிவு மட்டம் என்று ஒரு கணக்கே உண்டு. ஏட்டளவில் அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆற்றிலிருந்து கூடுதலாக உறிஞ்சிய தண்ணீருக்கும், வறட்சி ஆண்டில் வாடும் ஊருக்கும் அதில் இடம் இல்லை என்பதுதான் பிழை. 1995 கோடையில் யார்க்‌ஷர் அதை அனுபவித்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, மேற்கு யார்க்‌ஷருக்கு டேங்கர் லாரிகளில் இரவும் பகலும் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994-95இல் கசிவு ஒரு நாளைக்கு 510 கோடி லிட்டரைத் தொட்டிருந்தது. விற்று ஐந்தாண்டு ஆகியிருந்தும் இதுதான் நிலைமை. 1997இல் வந்த தொழிற்கட்சி அரசு கம்பெனித் தலைவர்களைக் கூட்டி, ஒவ்வொரு கம்பெனிக்கும் கட்டாயக் கசிவு இலக்கை விதித்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் கசிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதே கம்பெனிகள், அதே குழாய்கள், அதே பங்குதாரர்கள். மாறியது இலக்கும் அபராதமும்தான். அதன்பின் கெடுபிடி தளர்ந்ததும் இருபது ஆண்டுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. இன்றும் இங்கிலாந்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி லிட்டர், குழாயில் விடும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு, மண்ணுக்குள் போகிறது.

தனியார்மயத்துக்குச் சேர வேண்டிய நற்பெயரை மறைப்பது நியாயமல்ல. குடிநீர்த் தரச் சோதனைகளில் இன்று 99.9 சதவீதத்துக்கு மேல் தேர்ச்சி. கடற்கரைகள் தொண்ணூறுகளில் கண்ணுக்குத் தெரியும்படி சுத்தமாயின. சாக்கடைச் சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் பழக்கம் 1998இல் நின்றது. முதலீடு விற்பனைக்கு முந்தைய காலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கானது. தொழில் கூட்டமைப்பின் சார்பில் ஃப்ரன்டியர் எகனாமிக்ஸ் 2017இல் செய்த மதிப்பீடு, தர உயர்வையும் சேர்த்தால் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2.1 சதவீதம் வளர்ந்ததாகச் சொன்னது. தரத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். அதோடு இந்தத் தர உயர்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய சட்டத்தின் கட்டாயத்தால் வந்தவை. அதற்கான பணம் கட்டணத்திலிருந்து வந்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2015இல் கணக்கிட்டபடி, விற்பனைக்குப் பின் வீட்டுக் கட்டணம் பணவீக்கத்துக்கு மேல் 40 சதவீதம் ஏறியிருந்தது. 1991-92இல் மட்டும் பணம் கட்டாத 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். துண்டிப்பதும் ஒரு விதத்தில் வசூல் செயல்திறன்தான். 1999இல் நாடாளுமன்றம் வீட்டு இணைப்பைத் துண்டிப்பதையே தடை செய்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எதை அளக்கிறோம் என்ற சிக்கல் ஆற்றங்கரையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் பழைய சாக்கடைகளில் மழைநீரும் கழிவும் ஒன்றாகப் போகும். கனமழையில் நிரம்பினால் ஆற்றில் வழிய ஏறத்தாழ 14 ஆயிரம் மடைகள் உள்ளன. அவை எத்தனை முறை திறக்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் யாரும் முழுமையாக எண்ணவில்லை. 2023 முடிவுக்குள் எல்லாவற்றிலும் கருவி பொருத்தப்பட்டது. அந்த ஆண்டு மட்டும் 36 லட்சம் மணி நேரம் கழிவு வழிந்ததாகக் கணக்கு வந்தது. எண்ணாத வரை அது யாருடைய செலவாகவும் இல்லை. சதர்ன் வாட்டர் கம்பெனி சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுக்கும் நேரத்தில் கழிவோட்டத்தையே நிறுத்திவைத்து முடிவுகளைத் திரித்தது. அதற்காக 2019இல் ஆஃப்வாட் 12.6 கோடி பவுண்டு தண்டம் விதித்தது. அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. கழிவைக் கடலில் விட்டதற்காக 2021இல் நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. ஒப்பீட்டால் ஆளும் முறைக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. அளவுகோலில் பதியும் எண்ணே பொய்யானால், செயல்திறன் பற்றிய எல்லா ஆய்வும் அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது.

இப்போது மூலதனம். என் பார்வையில் முழு விவகாரத்தின் முடிச்சும் இங்கே இருக்கிறது. குடிநீர்த் தொழிலில் ஆள்கூலியும் மின்சாரமும் சிறு பங்கு. நூறாண்டு நிற்கும் குழாயிலும் அணையிலும் போட்ட பணத்துக்கான வட்டியும் லாபமும் கட்டணத்தில் கணிசமான பகுதி. இயக்கச் செலவில் பாடுபட்டு மிச்சம் பிடிக்கும் காசு, பணத்தின் விலை ஒரு சதவீதம் கூடினால் காணாமல் போய்விடும். அரசு வாங்கும் கடனைவிடத் தனியார் திரட்டும் பணத்துக்கு எப்போதும் விலை கூடுதல். ஆகவே கம்பெனி அந்த இடைவெளியை ஈடுகட்டும் அளவுக்குச் சிக்கனமாக இருந்தால்தான் வாடிக்கையாளருக்கு நிகர லாபம். பல ஆண்டுகள் அப்படி இருக்கவில்லை என்பதே கணக்கு சொல்வது.

இதிலும் ஒரு கோணல் உண்டு. போட்ட மூலதனத்தின் மேல் லாபம் அனுமதிக்கப்பட்டதால், பழுது பார்ப்பதைவிடக் கான்கிரீட் கட்டுவது கம்பெனிக்கு ஆதாயமானது. 2014 மறுஆய்வில்தான் இரண்டு செலவையும் ஒரே கூடையில் போட்டுப் பார்க்கும் முறையை ஆஃப்வாட் கொண்டுவந்தது. மறுபுறம், நீண்ட காலத்துக்குப் பின் பலன் தரும் பெரிய வேலைகளை யாரும் தொடவில்லை. இங்கிலாந்தில் கடைசியாகத் திறந்த பெரிய நீர்த்தேக்கம் டர்பிஷரில் உள்ள கார்சிங்டன், 1992இல். அதுகூடப் பழைய அரசு ஆணையம் தொடங்கியது. 1984இல் அணைக்கரை சரிந்து மறுபடி கட்டியது.

தேம்ஸ் வாட்டரின் வரலாறு இதன் உச்சம். லண்டனுக்குத் தண்ணீர் தரும் இந்தக் கம்பெனியை 2006இல் மக்வாரி வங்கி தலைமையிலான குழு வாங்கியது. கட்டணம் ஒழுங்குமுறையால் உறுதி, வாடிக்கையாளர் எங்கும் போக முடியாது. அந்த உறுதியைக் காட்டிக் கடன் வாங்குவது எளிது. மக்வாரி 2017இல் வெளியேறியபோது கம்பெனியின் கடன் ஏறத்தாழ 340 கோடி பவுண்டிலிருந்து 1,080 கோடியாக வளர்ந்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஈவுத்தொகையும் தாராளமாகப் போனது. 2025 பிப்ரவரியில், கையிருப்பு தீரும் நிலையில், 300 கோடி பவுண்டு வரை அவசரக் கடனுக்கு உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. வட்டி 9.75 சதவீதம். குழாய் மாற்றுவதில் எந்தப் பொறியாளர் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இந்த வட்டியை எட்டிப் பிடிக்க முடியாது. 2025 ஜூலையில் ஜான் கன்லிஃப் தலைமையிலான ஆணையம் 88 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. ஆஃப்வாட்டைக் கலைத்து, சிதறிக் கிடக்கும் கண்காணிப்பை ஒரே அமைப்பில் சேர்க்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. அரசு ஏற்றுக்கொண்டது. கட்டணத்தை இறுக்கத் தெரிந்த அமைப்பு கடனையும் ஈவுத்தொகையையும் கவனிக்கத் தவறியதற்குக் கிடைத்த தீர்ப்பு அது.

பக்கத்து வீட்டில் வேறு பாதை. 1994இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பகுதியில் அஞ்சல் வழி வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 97 சதவீதம் விற்பனை வேண்டாம் என்றார்கள். 2002இல் மூன்று அரசு ஆணையங்களை இணைத்து ஸ்காட்டிஷ் வாட்டர் உருவானது. அதற்கும் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை வைத்து, ஆஃப்வாட் ஆங்கிலக் கம்பெனிகளை அளந்த அதே ஒப்பீட்டால் அளந்தார்கள். தொடக்கத்தில் அரசு நிறுவனம் வெகுதூரம் பின்தங்கியிருந்தது உண்மை. இலக்கு வைத்த சில ஆண்டுகளிலேயே இயக்கச் செலவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்து இடைவெளியை மூடியது. பங்குதாரர் ஒருவர்கூட இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கழிவு வழியும் மடைகளில் கருவி பொருத்துவதில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிட மிகவும் பின்தங்கியே இருந்தது. ஆறுகள் அங்கே சுத்தம் என்ற வாதத்தை அந்த அளவுக்குக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேல்ஸில் 2001 முதல் பங்குதாரர் இல்லாத கிளாஸ் கம்ரி என்ற நிறுவனம் நடத்துகிறது. மிச்சப்படும் பணம் குழாய்க்கும் கட்டணத்துக்கும் திரும்புகிறது.

உலக அளவிலான ஆய்வுகளைப் பார்த்தாலும் தீர்ப்பு ஒரு பக்கம் சாயவில்லை. அமெரிக்காவில் தனியாரும் நகராட்சிகளும் நெடுங்காலமாக அருகருகே தண்ணீர் வழங்குவதால் ஒப்பிட வசதி. அங்கே 1978இல் கிரெயின், ஜார்ட்கூஹி ஆய்வு தனியாரே சிக்கனம் என்றது. 1982இல் புருகிங்க் அரசே சிக்கனம் என்றார். 1983இல் ஃபைகன்பாம், டீபிள்ஸ் வித்தியாசமே இல்லை என்றார்கள். ஐந்தாண்டுக்குள் மூன்று பதில். ஆசியாவின் ஐம்பது நீர் நிறுவனங்களை எஸ்டாச், ரோஸி ஆராய்ந்து 2002இல் வெளியிட்டதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெல், ஃபகேடா, வார்னர் மூவரும் 2010இல் தண்ணீர், குப்பை சேவைகள் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து அலசியபோது, தனியாரால் செலவு முறையாகக் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உலக வங்கிக்காக கேஸ்னர் குழு 2009இல் செய்த பெரிய ஆய்வில் ஊழியர் தலைக்கு இணைப்பு எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது, கூடவே வேலையிழப்பும். அர்ஜென்டினாவில் நகராட்சிகள் தனியாரிடம் விட்ட இடங்களில் குழந்தை இறப்பு 8 சதவீதம், மிக ஏழைப் பகுதிகளில் 26 சதவீதம் குறைந்ததாக கலியானி, கெர்ட்லர், ஷார்க்ரோட்ஸ்கி 2005இல் காட்டினார்கள். எந்த விவாதத்திலும் இதை ஒதுக்கிவிட முடியாது. குழாயே போகாத சேரிக்குக் குழாய் போவதுதான் அங்கே செயல்திறன். ஆனால் தலைநகர் பியூனஸ் அய்ரஸின் ஒப்பந்தம் 2001 நாணயச் சரிவில் நொறுங்கி, 2006இல் ரத்தாகிவிட்டது.

மணிலாவின் அனுபவம் தனியே நின்று பார்க்க வேண்டியது. 1997இல் அந்நகரத்தை இரண்டாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். அன்றைய கட்டணம் கன மீட்டருக்கு 8.78 பெசோ. கிழக்கை மணிலா வாட்டர் 2.32 பெசோவுக்கும், மேற்கை மைனிலாட் 4.96 பெசோவுக்கும் கேட்டு வென்றன. கிழக்கில் பகுதிப் பொறுப்பாளர்களை நியமித்து, சேரிகளுக்கு மொத்த மீட்டர் கொடுத்து, திருட்டு இணைப்புகளை வாடிக்கையாளர்களாக மாற்றினார்கள். பாதிக்கு மேல் இருந்த கணக்கில் வராத நீர் நாளடைவில் ஏறத்தாழ 11 சதவீதமாகச் சுருங்கியது. மேற்கில் மைனிலாட் திவாலாகி, 2007இல் வேறு கைக்குப் போனது. இரண்டும் தனியார், ஒரே நகரம், ஒரே ஒப்பந்த வடிவம். பழைய வாரியத்தின் அந்நியக் கடனில் 90 சதவீதத்தை மேற்கின் தலையில் கட்டியிருந்தார்கள். ஏலம் விட்ட அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்து பெசோவின் மதிப்பு விழுந்தது. நிர்வாகத் திறமைக்கும் பங்கு உண்டு, ஆனால் கடன் சுமையே அதிகம் பேசியது. பாதாளச் சாக்கடை இணைப்புகளைக் கெடுவுக்குள் முடிக்காததற்காக 2019இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இரண்டு கம்பெனிகளுக்கும் அபராதம் விதித்தது. தண்ணீர் விற்றால் காசு வரும்; சாக்கடையில் வராது. அந்த இடத்தில் வெற்றி பெற்ற கம்பெனியும் தோற்ற கம்பெனியும் ஒன்றாகவே நின்றன.

இதற்கு எதிர்முனையில் கம்போடியாவின் புனோம் பென். 1993இல் எக் சோன் சான் பொறுப்பேற்றபோது, விட்ட தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை. ராணுவத் தளபதி ஒருவர் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது எக் சோன் சானின் தலையில் துப்பாக்கியை வைத்தார்கள். அவர் ஆட்களோடு திரும்பி வந்து இணைப்பைத் துண்டித்தார். பணம் கட்டியபின்தான் தண்ணீர் போனது. அந்த 72 சதவீதம் பின்னர் ஆறு சதவீத அளவுக்கு இறங்கியது. அப்போது அந்த நிறுவனம் முழுக்க அரசுடையது. பாரிஸ் நகரம் 1985இல் இரண்டு பெரிய கம்பெனிகளிடம் பிரித்துக் கொடுத்த விநியோகத்தை 2010இல் திரும்ப எடுத்துக்கொண்டது, முதலாண்டில் 3.5 கோடி யூரோ மிச்சமானது, மறு ஆண்டு கட்டணம் 8 சதவீதம் குறைந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. இந்தியாவில் தனியார் கட்டி, நடத்தி, பின் ஒப்படைக்கும் முறையில் வந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டம் திருப்பூரில்தான். 1,023 கோடி ரூபாய் செலவில், காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005இல் இயங்கத் தொடங்கியது. சாயப்பட்டறைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் கொடுக்கும். அந்த வருமானத்தில் நகரத்துக்கும் கிராமங்களுக்கும் மலிவாகத் தண்ணீர் போகும் என்பது ஏற்பாடு. அதுவரை டேங்கர் லாரித் தண்ணீரை நம்பியிருந்த பட்டறைகளுக்கு அது வரமாகவே இருந்தது. ஆனால் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் தண்ணீர் வாங்க ஆளில்லை. மீண்டும் திறந்தவை கழிவு வெளியேறாத முறைக்கு மாறி, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்தின. ஆற்றுக்கு அது பெரும் நன்மை, தண்ணீர்ச் சிக்கனத்தில் முன்னுதாரணம். தண்ணீர் விற்றால் மட்டுமே கடனைக் கட்ட முடியும் என்றிருந்த கம்பெனிக்கு அதுவே நட்டமாயிற்று. ஒப்பந்தத்தை எழுதும்போதே ஊரின் நன்மையும் கம்பெனியின் வருமானமும் எதிரெதிர்த் திசையில் கட்டப்பட்டிருந்தன.

2018இல் கோயம்புத்தூர் மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீருக்காக சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. கட்டணத்தை மாநகராட்சியே நிர்ணயிக்கும், சொத்தும் அதனுடையதே. ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசியாயிற்று. இங்கிலாந்தின் முப்பத்தைந்து ஆண்டுகளைப் படித்தவர் கேட்கும் கேள்விகள் வேறு. ஒவ்வொரு வட்டாரத்திலும் இரவு இரண்டு மணிக்கு மீட்டர் எவ்வளவு ஓடுகிறது? அந்த எண்ணை எடுப்பவர் யார், சரிபார்ப்பவர் யார்? இலக்கு தவறினால் எவ்வளவு பணம் பிடிக்கப்படும், இதுவரை பிடிக்கப்பட்டதா? மின்கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்து, பொது விசாரணையில் யாரும் எழுந்து கேட்கலாம் என்று வழி செய்திருக்கும் மாநிலத்தில், குடிநீருக்கு அப்படி ஒன்று கிடையாது. வாரியம் நடத்தும் ஊருக்கும், மாநகராட்சி நடத்தும் ஊருக்கும், கம்பெனி நடத்தும் ஊருக்கும் ஒரே படிவத்தில் கசிவு, செலவு, தரம், புகார் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லும் அமைப்பை முதலில் உருவாக்கலாம். அதற்கு எந்தக் குழாயையும் விற்கவோ திரும்ப வாங்கவோ வேண்டியதில்லை.